டைம்யோ ஜமீன்தார் அல்லர்

டைம்யோவை ‘ஜப்பானிய ஜமீன்தார்’ என்றெழுதும் சோம்பல் நம் ஆய்வேடுகளை விட்டு இன்னும் அகலவில்லை. 1793-இன் நிலையான நிலவரித் திட்டம் வங்காள ஜமீன்தாருக்கு நிலத்தை விற்கும் உரிமையையே தந்தது. டைம்யோவுக்கு அது ஏது? 10,000 கோக்கு அரிசிக்குக் குறையாத விளைச்சல் மதிப்புடைய ஆட்சிப்பகுதி அவருடையது. டோக்குகாவா ஷோகன் ஆணையிட்டால் அதையும் துறந்து வேறிடம் பெயரவேண்டும். 1635-இல் கட்டாயமாக்கப்பட்ட முறைப்படி, பெரும்பாலோர் ஓராண்டு விட்டு ஓராண்டு எடோவில் உறைந்தனர். மனைவி மக்களோ அங்கேயே பிணை. (நல்ல நிலவுடைமை!)

1871-இல் அவ்வாட்சிப்பகுதிகள் ஒழிந்தன. குத்தகை முறையோ அதன்பின்னரே பெருகிற்று. 1873-இன் சீர்திருத்தம் நில மதிப்பில் 3 விழுக்காட்டைப் பணமாகவே கேட்டது. 1880-களின் விலைவீழ்ச்சியில் வரி கட்டவியலாத உழவர் பலர் நிலமிழந்தனர். இதனையும் ‘நிலப்பிரபுத்துவ எச்சம்’ என்றெழுதி மெய்ஜி அரசைத் தப்பவிடுவது எவர்பொருட்டு?