பொறுமையும் ஓர் உழைப்பே



பெங்களூரில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்குக் காட்பாடி புதிய பெயரன்று. இங்கிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தொலைவு. ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு, அந்நிலையத்திற்குப் பயணச்சீட்டுக் கேட்போர் பலரின் முகவாட்டமே அவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்கின்றனர் என்பதை உணர்த்திவிடும். நோயினும் அவர்களை மிகுதியாய் வாட்டும் வினா ஒன்றுண்டு: இத்தனை காலம் ஜெபித்தும் ஆண்டவர் ஏன் இன்னும் இரங்கவில்லை?

இதற்குச் சொல்லால் விடையளித்தல் அரிது. ஆயின் அம்மருத்துவமனையிலேயே ஒருவர் தம் வாழ்வால் விடையளித்துச் சென்றுள்ளார். அவரே டாக்டர் மேரி வர்கீஸ்.

கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் 1925-ஆம் ஆண்டு பிறந்தவர். வேலூரில் மருத்துவம் பயின்று அங்கேயே பணியாற்றியவர். 1954-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அவர் சென்ற மோட்டார் வாகனம் கவிழ்ந்தது. முதுகுத்தண்டில் நேர்ந்த காயத்தால் இடுப்பிற்குக் கீழ் செயலற்றுப் போயிற்று. அப்போது அவருக்கு வயது 28.

தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை வேலூரில் வளர்த்து வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கைகளுக்குச் செய்யும் அச்சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாமன்றோ? அவருடைய ஊக்கத்தினால் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தவாறே கத்தியை ஏந்தினார். தம்மைப் போலவே ஊனமுற்ற ஒருவர் தம் கைகளைச் சீர்படுத்துவதைக் கண்ட நோயாளிகளின் உள்ளம் என்ன எண்ணியிருக்கும்!

அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. நியூயார்க் சென்று டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் என்பாரிடம் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1963-இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் உருவாயிற்று. முதுகுத்தண்டு முறிந்தோர் மீண்டும் குடும்பத்திலும் தொழிலிலும் இடம்பெற அங்கே பயிற்சி பெற்றனர். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986-இல் மறைந்தார்.

அவருடைய கால்கள் இறுதிவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதனால் அவருக்கு விசுவாசம் குறைவு என்று எவரேனும் கூறத் துணிவரோ? தம் சரீரத்தில் இருந்த முள் நீங்கும்படி அப்போஸ்தலர் பவுல் மும்முறை வேண்டினார்; முள் நீங்கவில்லை, தாங்கும் கிருபையே கிடைத்தது. பொறுமை என்பது கைகட்டிக் காத்திருத்தல் என்று நாம் எண்ணுகிறோம். இழந்ததற்காக அழுதுகொண்டே எஞ்சியதைக் கொண்டு இன்றைய கடமையைச் செய்வதும், நாளைய தினத்தைக் கர்த்தரிடம் ஒப்படைப்பதுமே பொறுமையாம்.

இன்னொன்றும் கூற விழைகிறேன். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவருடன் தரையில் மௌனமாய் அமர்ந்திருந்தனர்; அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. வாய் திறந்து அவர்மீது குற்றம் சுமத்தியபோதுதான் தவறினர். சொந்த ஊரையும் சுற்றத்தையும் விட்டு இந்நகரில் வாழும் நமக்கு அண்டை வீட்டாரே உறவினர். நோயுற்றோர் இல்லத்திற்குச் செல்கையில் "உங்கள் ஜெபம் போதாது" என்று கூறாதிருப்போம். ஒரு வேளை உணவு சமைத்து எடுத்துச் செல்வோம். ஓரிரவு மருத்துவமனையில் துணையிருப்போம். ஆண்டவர் இன்னும் இரங்கவில்லையே என்று கலங்குவோருக்கு, அவருடைய இரக்கம் நம் கைகளின் வழியாகவும் சென்று சேரட்டும்.