கட்டியை எடுத்த பிறகு ஒரு மணி நேரம்

மார்பகப் புற்றுநோய் அறிக்கைகளில் 'ஹெர்-2' என்று ஒரு வரி இருக்கும். அதன் எதிரே 0, 1+, 2+, 3+ என்று ஏதாவது ஒன்றை எழுதியிருப்பார்கள். ஒரு பெண்ணுக்கு எந்த மருந்து கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பதில் அந்த ஒற்றை எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. நாகர்கோவிலில் திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீசியனாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அந்த எண்ணைச் சரியாகப் பெறுவதில் நாம் காட்டும் கவனம் போதாது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஹெர்-2 என்பது செல்லின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதம். 'வளர்' என்ற செய்தியைச் செல்லுக்குள் கடத்துவது அதன் வேலை. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதத்தில் இது அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். அத்தகைய கட்டி உள்ளவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது, ஆயுளும் குறைகிறது என்று 1987-இல் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் காட்டினார்கள். இந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்துக்கு 1998-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. நம் நாட்டிலேயே பயோகான் தயாரித்த அதே வகை மருந்து 2014-இல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் டிராஸ்டுசுமாப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

அந்தப் புரதம் கட்டியில் மிகுந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பதும் ஓர் ஆன்டிபாடிதான். திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கிலிருந்து மூன்று, நான்கு மைக்ரான் கனத்தில் சீவியெடுத்து, ஸ்லைடில் ஒட்டி, அதன்மேல் ஆன்டிபாடியை விடுவோம். புரதம் இருக்கும் இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். பிறகு சேர்க்கும் நிறமி அந்த இடத்தைப் பழுப்பாக்கும். செல்லைச் சுற்றி முழு வளையமாக அடர் பழுப்பு தெரிந்தால் 3+. வளையம் முழுதாக இருந்தும் நிறம் மங்கலாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் 2+. அதற்கு ஃபிஷ் என்ற மரபணுச் சோதனையும் வேண்டும்.

எவ்வளவு நல்ல ஆன்டிபாடியானாலும், திசு கெட்டுப்போயிருந்தால் அது என்ன செய்யும்? உடலிலிருந்து எடுத்த கட்டி ஒரு மணி நேரத்துக்குள், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினுக்குள் போக வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் ஊற வேண்டும். சர்வதேச வழிகாட்டுதல் இது. கட்டி பெரிதென்றால் அறுத்துத் திறந்து போட வேண்டும். திரவம் கட்டியைப்போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். சின்னப் பாட்டிலில் திணித்து, மூழ்காத அளவு ஃபார்மலின் ஊற்றி வந்த கட்டிகளை நான் வாங்கியிருக்கிறேன். சலைனில் கிடந்து வந்தவையும் உண்டு. அப்படி வந்த திசுவில் இருக்கிற புரதம்கூடச் சோதனையில் இல்லை என்று காட்டிவிடக்கூடும். பலன் தரக்கூடிய மருந்து அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமலே போகும்.

திட்டுவிளைப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "மக்ளே, கட்டியத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்னத்துக்கு டெஸ்ட்டு?" இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல மருத்துவமனைகளில் ஆள் வேண்டும். பதில் தெரியாதவர்கள் செலவுக்கு அஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

புற்றுநோயைப் பற்றிய அக்கறை எங்கள் குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. இந்த மாவட்டமும் சேர்ந்திருந்த அன்றைய திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு போடுகிறவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் ஓர் (Orr) என்ற மருத்துவர் எழுதிய கட்டுரை 1933-லேயே லான்செட் இதழில் வந்தது. அந்த மரபு உள்ள மண்ணில், பாட்டிலும் ஃபார்மலினும் குறையாகிவிடக் கூடாது.

அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகங்கள் எல்லாவற்றிலும் ஹெர்-2 சோதனை இலவசமாக நடக்க வேண்டும். எந்த ஆன்டிபாடியால் செய்தது, கட்டி எத்தனை மணிக்கு ஃபார்மலினில் விழுந்தது, ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே வைத்த கன்ட்ரோல் ஸ்லைடில் சரியாக நிறம் ஏறியதா என்ற மூன்றையும் ஒவ்வொரு அறிக்கையிலும் அச்சிடச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். வீட்டில் யாருக்காவது அறுவை என்றால், கட்டி எந்த ஆய்வகத்துக்கு, எப்படிப் போகிறது என்று முன்கூட்டியே கேளுங்கள். மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்கி, வெயில் படாமல் பத்திரமாக வையுங்கள். சந்தேகம் வந்தால் மறுபடி சோதித்துப் பார்க்க அது ஒன்றே ஆதாரம்.