பிள்ளைகளின் நடைக்கேற்ப



பஞ்சத்தால் வாடிய கானான் நாட்டில், 130 வயது முதியவர் ஒருவரின் வாயிலில் ஒருநாள் எகிப்து நாட்டு வண்டிகள் வந்து நின்றன. இறந்துவிட்டான் என்று நம்பி இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாம் கண்ணீர் வடித்த மகன் யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்று பிள்ளைகள் வந்து சொன்னபோது, யாக்கோபின் மனம் அதை ஏற்கவில்லை. ஆனால் தம்மை அழைத்துச் செல்ல மகன் அனுப்பியிருந்த வண்டிகளைக் கண்ணால் கண்ட மாத்திரத்தில் அவர் உள்ளம் உயிர்பெற்றது என்று ஆதியாகமம் கூறுகிறது. வயது முதிர்ந்த தந்தையையும், பெண்களையும், சிறு குழந்தைகளையும் அவ்வண்டிகளில் ஏற்றிக்கொண்டு மக்கள் புறப்பட்டனர். எகிப்தில் ஒன்றுசேர்ந்த யாக்கோபின் வீட்டார் 70 பேர். தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் சக்கரங்களின் மேல் ஒன்றாக வாழ்ந்த நெடும்பயணம் ஒன்றை வேதாகமம் இவ்வாறு நமக்குப் படம்பிடித்துக் காட்டுகிறது.

இன்று மேலைநாடுகளில் இத்தகைய பயணத்திற்கென்றே வண்டிகள் உண்டு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய ஒரு சிறு வீடே மோட்டார் வண்டியாக ஓடும். பிரான்சு நாட்டில் அதனைக் ‘காம்பிங் கார்’ என்பார்கள். நம் நாட்டில் ‘கேரவன்’ என்றால் திரைப்பட நடிகர் இளைப்பாறும் வண்டிதான் மக்கள் நினைவுக்கு வரும். கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் இவ்வகை வண்டிகளுக்கென்று ஒரு சுற்றுலாத் திட்டத்தையே அறிவித்தது. ஆயினும் நமக்கு இது முற்றும் புதியதன்று. கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அரிசியும் பானையும் ஏற்றி, குழந்தை குட்டிகளோடு திருத்தலங்களுக்குச் சென்று, மரத்தடியில் உலை வைத்து, வண்டிக்கடியில் உறங்கியவர்கள் நம் முன்னோர். மாட்டு வண்டியின் இடத்தில் இன்று வாடகை வேன் வந்திருக்கிறது. மாடு போயிற்று, அதனோடு மாட்டின் நிதானமும் போய்விட்டதே என்பதுதான் இம்மாத நம் சிந்தனை.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது வெறும் உல்லாசப் பேச்சன்று. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் நம் மண் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ‘சொல்தா’ இல்லாத தெரு அக்காலத்தில் அரிது. அவர்தம் மக்களும் பேரர்களும் இன்று பாரிசிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். சூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே பள்ளி விடுமுறை. அப்போது நம் குருசுக்குப்பத்துத் தெருக்களில் பிரெஞ்சு பேசும் குழந்தைகளின் குரல் கேட்கும். செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே பள்ளி திறந்துவிடும். ஆகவே வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேறும் வேளையில் அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். செப்டம்பர் 8-ஆம் நாள் பெருவிழாவின்போது ஆயாவும் தாத்தாவும் மட்டுமே வீட்டில் இருப்பார்கள்.

இத்தகைய குடும்பம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேனை வாடகைக்கு அமர்த்தித் திருப்பயணம் புறப்பட்டது. பெரியவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். அவர் துணைவியாருக்கு மறதி நோய் தொடங்கியிருந்தது. மகன் பிரான்சிலிருந்தும், மகள் சென்னையிலிருந்தும் தத்தம் குடும்பத்தோடு வந்திருந்தனர். பேரப்பிள்ளைகள் நால்வர், மூத்தவனுக்குப் பதினொன்று, கடைக்குட்டிக்கு நான்கு. மகனுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது; மகளுடைய பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தெரியாது.

மகன் போட்டு வந்த திட்டம் மூன்று நாள் திட்டம். மூன்று நாளில் ஒன்பது திருத்தலங்கள்! பெரியவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது கோயில்களைப் பார்ப்பதற்கான திட்டம். உன் அம்மாவைப் பார்ப்பதற்கான திட்டம் இதில் இல்லையே” என்றாராம். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, ஒன்பது தலங்களை ஐந்தாகக் குறைத்து, மூன்று நாளைப் பத்து நாளாக்கினார்கள்.

இந்த இடத்தில் யாக்கோபின் வாழ்விலிருந்து மற்றொரு காட்சியைக் கூற விரும்புகிறேன். நெடுங்காலப் பகைக்குப்பின் தம்பியைச் சந்தித்த ஏசா, “இருவரும் சேர்ந்தே செல்வோம்” என்ற கருத்தில் அழைக்கிறான். யாக்கோபோ மறுக்கிறார். குழந்தைகள் இளையவர்கள், பால் கொடுக்கும் ஆடுமாடுகளும் உடனிருக்கின்றன, ஒரேயொரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மடிந்துவிடும், ஆதலின் என் பிள்ளைகளின் நடைக்கேற்ப நான் மெல்ல வருகிறேன் என்று விடை கூறுகிறார். எத்துணை அழகிய இல்லற ஞானம்! குடும்பப் பயணத்தின் வேகத்தை வலியவன் குறிக்கலாகாது. கூட்டத்தில் மிகச் சிறியவரும் மிக முதியவருமே அதைக் குறிக்க வேண்டும்.

அக்குடும்பம் சென்ற வழியை இங்கே குறிப்பிடுவது மற்றவர்க்கும் பயன்படும். முதல் நாள் வில்லியனூர் லூர்து அன்னையின் திருத்தலத்தோடு நின்றார்கள். நகரிலிருந்து அது பத்துக் கிலோமீட்டர் அளவே. ஆனால் திருக்குளத்தின் படியில் பிள்ளைகள் அமர்ந்து, ஒருவர் பெயரை மற்றவர் சரியாகச் சொல்லிப் பழகுவதற்கு ஒரு முழு மாலை வேண்டியிருந்தது. அடுத்து விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பம். வீரமாமுனிவர் தேவதாயைத் தமிழ்ப் பெண்ணாகச் சேலையுடுத்திப் பெரியநாயகி என்று பெயரிட்டுப் போற்றிய தலம் அது. “மாதா ஆயாவைப்போல் சேலை கட்டியிருக்கிறார்களே” என்று பிரான்சிலிருந்து வந்த சிறுமி வியந்தாளாம். இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்த ஒரு குருவானவர் தமிழ் கற்று, 3615 பாடல்களில் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியம் பாடினார் என்று தாத்தா எடுத்துச் சொன்னபோது, “அப்படியானால் நானும் கற்கலாம்” என்றான் மூத்த பேரன். அறிவுரையால் ஆகாததை ஒரு வழிப்பயணம் ஆக்கிவிட்டது.

பின்னர் அம்முனிவரின் பெயரோடு இணைந்த ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் தலம், கொள்ளிடத்தைக் கடந்து பூண்டி மாதா பேராலயம், தஞ்சையில் இரு நாள் ஓய்வு, அதன்பின் வேளாங்கண்ணி. நம் மண் இணைந்த அதே 1962-ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் வேளாங்கண்ணி ஆலயத்தைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார் என்பது நினைவுகூரத்தக்கது. திரும்பும் வழி கடலோரம்: நாகை, காரைக்கால், தரங்கம்பாடி, சிதம்பரம், கடலூர். தரங்கம்பாடியில் 1620-இல் எழுந்த டேனியர் கோட்டையைக் காட்டி, சீகன்பால்கு ஐயர் 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய ஊர் இது என்று கூறினால், வளர்ந்த பிள்ளைகள் ஆவலோடு கேட்பார்கள். ஆகஸ்டு 15-ஆம் நாள் தேவமாதாவின் விண்ணேற்பு விழாத் திருப்பலிக்கு அக்குடும்பத்தார் ஊர் வந்து சேர்ந்தனர்.

பயணம் போக விரும்பும் குடும்பங்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்: ஒரு நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். வெயில் ஏறுமுன் புறப்பட்டு, நண்பகலுக்குள் தங்குமிடம் சேருங்கள். இரவில் ஓட்ட வேண்டாம். வண்டி ஓட்டும் தம்பிக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு. அவரையும் உங்கள் பந்தியிலேயே அமர்த்துங்கள். காரம் பழகாத பிள்ளைகளுக்கு இட்டிலியும், காய்ச்சி ஆறிய நீரும் கையிலிருக்கட்டும். முதியோர் கால்வீக்கம் குறைய மணிக்கொரு முறை இறங்கி நடக்கட்டும். அவர்கள் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்தைச் சாமான்களுக்கு அடியில் கட்டிவிடாமல் கைப்பையில் வையுங்கள்.

மற்றொன்று மிக முக்கியம். பன்னிரண்டு வயதில் இயேசு பாலன் காணாமற்போனது எவ்வாறு? பெற்றோரின் அசட்டையால் அன்று. உறவினரோடு எங்கேனும் வந்துகொண்டிருப்பார் என்று எண்ணியே அவர்கள் ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். கூட்டம் பெரிதாகப் பெரிதாக, பிள்ளை மற்றவரிடம் இருப்பான் என்ற எண்ணமும் பெரிதாகும். ஆகவே ஒவ்வொரு முறை வண்டி ஏறும்போதும் தலைகளை எண்ணுங்கள். குழந்தையின் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். மறதியுள்ள முதியவரிடமும் அதே சீட்டு இருக்கட்டும். இந்தக் குடும்பத்தில் ஆயாவின் கையைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு நான்கு வயதுச் சிறுமிக்குக் கொடுக்கப்பட்டது. யார் யாரைக் காத்தார்கள் என்று சொல்வது கடினம்.

வழியெல்லாம் அமைதியே நிலவியது என்று எண்ணிவிடாதீர்கள். பூண்டியைவிட்டுப் புறப்பட்ட நாளில் வண்டிக்குள் பெரும் வாக்குவாதம் மூண்டது. அம்மாவை இனி யார் பார்த்துக்கொள்வது என்னும் கேள்வி, ஈராண்டுகளாகத் தொலைபேசியில் சுற்றிவளைத்துப் பேசப்பட்டு வந்தது. அன்று அது நேராக வந்தது. “பணம் அனுப்பினால் போதுமா?” என்றாள் தங்கை. “உன்னைப்போல் நான் நினைத்தவுடன் பேருந்து ஏறி வர முடியுமா?” என்றான் அண்ணன். வீட்டில் என்றால் ஒருவர் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். ஓடும் வண்டியில் எழுந்து போக வழியில்லை. தஞ்சைவரை பேசினார்கள், அழுதார்கள், அங்கே தங்கிய இரு நாளிலும் பேசினார்கள். முடிவில் ஓர் ஏற்பாடு பிறந்தது. ஆண்டுதோறும் மூன்று மாதம் மகன் வந்து தாயுடன் இருப்பது. எஞ்சிய காலத்தில் மகள் மாதமிருமுறை வருவது. பகலில் உதவிக்கு ஒரு பெண்மணியை அமர்த்தி, அதற்கான செலவை மகன் ஏற்பது. இது முழுமையான தீர்வன்று. தந்தையின் சுமை முற்றும் நீங்கவில்லை. ஆயினும் மூன்று நாள் பயணமாயிருந்தால் இப்பேச்சு பிறந்தேயிராது. திருத்தலத்திற்குச் செல்வோர் பெறும் வரங்களுள் ஒளிவுமறைவற்ற பேச்சும் ஒன்று என்றே நான் நம்புகிறேன்.

ஒவ்வொரு மாலையும் அவர்கள் வண்டிக்குள்ளேயே செபமாலை சொன்னார்கள். ஆயாவுக்குப் பேரப்பிள்ளைகளின் பெயர் நினைவில் நிற்கவில்லை. ஆனால் செபமாலையின் தேவ இரகசியங்களை ஒன்றுகூடத் தவறாமல் வரிசையாகச் சொன்னார். பிள்ளைகள் அவர் வாயைப் பார்த்துப் பார்த்தே தமிழ்ச் செபங்களைக் கற்றனர். திருத்தூதர் பவுல் தம் சீடர் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் பின்னர் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்தது என்று குறிப்பிடுகிறார். விசுவாசம் இறங்கி வரும் வழி அதுவே. பாப்பரசர் பிரான்சிஸ் 2021-இல் சூலை மாதத்து நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்குமான உலக நாளாக நிறுவியதும் இதனை நமக்கு நினைவூட்டவே. வெளிநாட்டுப் பிள்ளைகள் நம் வீடுகளுக்கு வந்திருக்கும் காலமும் அதுவேயன்றோ!

“எங்களுக்கு ஏது சாமி வேனும் பத்து நாளும்?” என்று நம் மீனவக் குடும்பத்தார் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பிள்ளைகளின் கோடை விடுமுறையும் அப்போதுதான். நேரம் இருக்கும், கையில் காசு இராது. அவர்கள் பேருந்தில் வில்லியனூருக்குச் சென்று, கட்டுச்சோறு உண்டு, குளக்கரையில் பாட்டியிடம் கதை கேட்டு மாலையில் திரும்பினால், அதுவும் நிறைவான திருப்பயணமே. அவசரமின்றி ஒன்றாயிருத்தலே இதில் தேவையானது. கிலோமீட்டர்கள் அல்ல.

யாக்கோபின் வரலாறு எகிப்தில் முடிவுறும் விதத்தைக் கவனியுங்கள். கண்பார்வை மங்கிய முதியவர்முன் யோசேப்பு தன் மக்கள் இருவரையும் கொண்டுவந்து நிறுத்துகிறான். அவர்கள் அயல்நாட்டில் அயல்நாட்டுத் தாய்க்குப் பிறந்தவர்கள். “இவர்கள் யார்?” என்று தாத்தா கேட்கிறார். கடவுள் எனக்கு இங்கே தந்த பிள்ளைகள் என்கிறான் யோசேப்பு. முதியவரோ அவர்களை அணைத்து முத்தமிட்டு, ரூபனும் சிமியோனும் எனக்கு எப்படியோ, அப்படியே எபிராயீமும் மனாசேயும் என்னுடையவர்கள் என்று உரிமை கொண்டாடி, அவர்கள் தலைமேல் கைவைத்து ஆசி வழங்குகிறார்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் எந்த மண்ணில் பிறந்திருப்பினும், எந்த மொழி பேசினும், அவர்களைத் தாத்தா பாட்டியரின் கை எட்டும் தொலைவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். “இவர் யார்?” என்று முதியவர் கேட்டால், முகம் சுளிக்காமல் பெயரைச் சொல்லுங்கள், நாளைக் காலையிலும் கேட்பார், மீண்டும் சொல்லுங்கள். ஆசியளிக்கும் கை அசையும் வரையில் அதற்குக் காலம் உண்டு. அக்காலம் நீண்டதன்று.

எகிப்துக்கும் எருசலேமுக்கும் நாசரேத்துக்கும் ஒன்றாகவே வழிநடந்த திருக்குடும்பம் உங்கள் பயணங்களில் துணைநிற்பதாக!