உதட்டில் ஊசி ஏறுவதற்கு முன்: சமமில்லாத உதடுகளுக்கான அழகுச் சிகிச்சை பற்றி எங்கள் நிலைப்பாடு

ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும், அல்லது சிரிக்கும்போது ஒருபுறம் இழுத்துக்கொண்டும் இருக்கிற உதட்டைச் சரிசெய்துகொள்ள ஒருவர் விரும்புவதில் எந்தத் தவறும் இல்லை. அந்த விருப்பத்தை வீண் ஆசை என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்புவது மருத்துவமும் ஆகாது, மரியாதையும் ஆகாது. பிளாஸ்டிக் சர்ஜன்கள், தோல் மருத்துவர்கள், முகத்தாடை அறுவை மருத்துவர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள், உதட்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் ஆகியோர் சேர்ந்த எங்கள் அமைப்பு வலியுறுத்துவது ஒன்றைத்தான்: உதடு ஏன் கோணியிருக்கிறது என்று தெரியாமல் அதில் ஊசி ஏறக்கூடாது. அந்தக் காரணத்தைக் கண்டறியவும், ஊசி போடவும், போட்டபின் ஏதாவது தவறினால் உடனே சரிசெய்யவும் தெரிந்த, பதிவுபெற்ற மருத்துவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

காரணங்கள் பலவிதம். பிறவியிலேயே இருக்கும் சிறு ஏற்றத்தாழ்வு மிகச் சாதாரணம். இரு பாதியும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும் முகம் அரிது. முன்பல் ஒன்று துருத்தியிருந்தாலோ விழுந்திருந்தாலோ மேலுதடு அந்த இடத்தில் மேடாகவோ பள்ளமாகவோ தெரியும். அங்கே தேவைப்படுவது கிளிப் போடுவதோ பல் கட்டுவதோதான். தாடையே ஒருபுறம் சாய்ந்திருந்தால் வாய்க்கோடும் சேர்ந்து சாயும். உதட்டின் உட்புறம் உமிழ்நீர் தேங்கிய கொப்புளம், இரத்தக்குழாய்க் கட்டி, சிறு உமிழ்நீர்ச் சுரப்பியில் வளரும் கட்டி ஆகியவையும் ‘ஒரு பக்கம் மட்டும் பெரிதாக இருக்கிறது’ என்ற குறையோடுதான் வருகின்றன. புகையிலைப் பழக்கம் உள்ளவருக்கு ஆறாத புண்ணோடு தடித்துவரும் உதட்டைப் புற்றுநோய்க்காகச் சோதித்தே ஆகவேண்டும். எனலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளால் சிலருக்குத் திடீரென உதடு வீங்குவதும் உண்டு. இவற்றில் எதையும் உதட்டுக்குள் நிரப்பும் ஃபில்லர் ஊசி தீர்க்காது. சிலவற்றை அது மறைத்துவிடும். நாங்கள் அஞ்சுவது அதற்குத்தான்.

திடீரென வாய் கோணிப்போனால் அது அழகுப் பிரச்சினையே அல்ல. கை மரத்தல், பேச்சுக் குழறல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 108-ஐ அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக 4.5 மணி நேரமே அவகாசம். முக நரம்பு மட்டும் பாதிக்கப்படும் முகவாதமாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்குவது நல்ல பலன் தரும். முகவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறிவிடுவார்கள். அதற்குள் அவசரப்பட்டு நிரந்தரத் திருத்தம் எதையும் செய்துகொள்ள வேண்டாம். தேறிய பிறகும் சாய்வு மிஞ்சினால், நல்ல பக்கத்தில் கீழுதட்டை இழுக்கும் தசையில் சிறு அளவு போட்டாக்ஸ் போட்டு இரு பக்கத்தையும் சமப்படுத்தலாம். அதன் பலன் மூன்று நான்கு மாதம் நிற்கும்.

உதடு கோணலாகத் தோன்றுவதற்கு இன்னொரு காரணம் கைப்பேசி. முகத்துக்கு மிக அருகில் பிடித்து எடுக்கும் படம் முகத்தின் அளவுகளை மாற்றிக் காட்டுகிறது. ஒரு அடித் தொலைவில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அடிப்பகுதி, ஐந்தடித் தொலைவில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரிவதாக 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். போதாததற்கு, பல கைப்பேசிகளின் முன்கேமரா சேமிக்கும் படம், கண்ணாடியில் தெரிவதற்கு இடவலமாக மாறியும் இருக்கிறது. கண்ணாடியில் பழகிய முகம் படத்தில் மாறித் தெரியும்போது, இருந்தும் கண்ணில் படாத சாய்வு திடீரென உறுத்துகிறது. ஆகவே செல்ஃபியை வைத்து மட்டும் சிகிச்சையை முடிவு செய்யக்கூடாது. நேரில், நல்ல வெளிச்சத்தில், ஓய்விலும் சிரிப்பிலும் பேச்சிலும் உதட்டைப் பார்த்த பிறகே முடிவுக்கு வரவேண்டும்.

மற்றக் காரணங்கள் எதுவும் இல்லை, இது வெறும் வடிவக் குறையே என்று உறுதியான பின், முதல் தேர்வாக ஹயலூரோனிக் ஆசிட் ஃபில்லரை நாங்கள் ஏற்கிறோம். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நின்று தானாகவே கரைவது அதன் குறை என்று விளம்பரங்கள் பேசுகின்றன. எங்கள் பார்வையில் அதுவே அதன் பெரிய நிறை. பிடிக்காவிட்டாலோ தவறாகப் போய்விட்டாலோ ஹயலூரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்தி அதைக் கரைத்துவிடலாம். திரவ சிலிகானுக்கு அந்த வசதி கிடையாது. அது இடம் நகரும், பல ஆண்டு கழித்தும் முடிச்சுகளை உண்டாக்கும், வெட்டி எடுக்கப்போனால் உதட்டையும் சேர்த்துச் சிதைக்கும். உதட்டில் திரவ சிலிகான் போடுவதை எந்தச் சூழலிலும் நாங்கள் ஏற்கமாட்டோம்.

ஃபில்லரும் ஆபத்தில்லாதது அல்ல. முகத் தமனியிலிருந்து கிளைத்து வரும் உதட்டுத் தமனிகள் இரண்டு, பெரும்பாலும் தசைக்கும் உட்சவ்வுக்கும் இடையே, சில மில்லிமீட்டர் ஆழத்தில் ஓடுகின்றன. அவை ஓடும் பாதை ஆளுக்கு ஆள் மாறும். ஃபில்லர் அந்தத் தமனிக்குள் புகுந்தால் அந்தப் பகுதிக்கு இரத்தம் நின்றுபோகும்: தோல் வெளுக்கும், வலை போல் நீலம் பாரிக்கும், வலி கடுமையாகும். உடனே கரைக்காவிட்டால் தோல் கருகி உதிரும். மிக அரிதாக, பொருள் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கண்ணின் தமனியை அடைத்துப் பார்வையைப் பறித்ததும் உண்டு. ஹயலூரோனிடேஸை அதே அறையில் கையெட்டும் தூரத்தில் வைத்திராத எந்த இடத்திலும் உதட்டில் ஃபில்லர் போடக்கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருபவர்கள் அதை முன்கூட்டியே சொன்னால் தடுப்பு மருந்து கொடுக்கலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் ஃபில்லர் போடுவதைத் தள்ளிப்போட வேண்டும்.

பியூட்டி பார்லர்களிலும் வீடுகளிலும் ஊசியே இல்லாமல், காற்றழுத்தத்தால் ஃபில்லரைத் தோலுக்குள் செலுத்தும் ‘பேனா’க்கள் புழங்குகின்றன. இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 அக்டோபரிலேயே எச்சரித்தது. மருந்து எவ்வளவு ஆழம் போகிறது, எங்கே போகிறது என்பதை இயக்குபவர் கட்டுப்படுத்த முடியாது. ஊசி இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நம்பவைப்பது ஏமாற்று. இவற்றின் விற்பனையைத் தமிழ்நாட்டில் முழுவதுமாகத் தடைசெய்ய வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

நிரந்தரத் தீர்வு வேண்டுவோருக்கு அறுவை முறைகள் உண்டு. தடித்த பக்கத்தில் உட்சவ்வைக் கொஞ்சம் எடுத்துக் குறைக்கலாம். மெலிந்த பக்கத்தில் உட்சவ்வை முன்தள்ளி நிரப்பலாம். வயிற்றிலோ தொடையிலோ எடுத்த கொழுப்பை வைக்கலாம், அதில் ஒரு பங்கு கரைந்துவிடும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு. வடிவம் சரியாக இருந்து வெண்புள்ளியால் நிறம் மட்டும் மாறியிருந்தால் நிறமேற்றல் உதவும். இவற்றின் விவரங்களை நோயாளியும் மருத்துவரும் பேசி முடிவுசெய்வதே சரி.

ஆனால் உதட்டுப் பிளவைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். குழந்தைக்கு மூன்று மாதத்தையொட்டிச் செய்யும் முதல் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், வளர வளரத் தழும்பு சுருங்கலாம். சிவப்பும் தோலும் சேரும் கோடு ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் எதிரே நிற்பவர் கண்ணுக்குத் தெரியும். வாயைச் சுற்றியுள்ள வட்டத்தசை சரியாக இணையாத இடம் ஊதும்போது புடைக்கும், நடுவில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் ஃபில்லரை நிரப்பிவிட்டால் புகைப்படத்தில் சரியாகத் தெரியும். பேசும்போது தசை பழையபடியே இழுக்கும். பழைய தழும்பைத் திறந்து தசையைத் திரும்பச் சேர்ப்பதே அதற்கு வைத்தியம். மேலுதட்டில் திசுவே போதாதவர்களுக்கு, கீழுதட்டின் ஒரு துண்டை இரத்த ஓட்டம் அறாமல் மேலே திருப்பித் தைத்து, இரண்டு மூன்று வாரம் கழித்துப் பிரிக்கும் முறையை அறுவை மருத்துவர் ராபர்ட் அபே 1898-இல் விவரித்தார். இன்றும் அது கைகொடுக்கிறது. திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் டாக்டர் எச்.எஸ். அடென்வாலா பல பத்தாண்டுகள் இந்தக் குழந்தைகளுக்காகவே உழைத்தார். தம் ஆசிரியர் சார்லஸ் பிண்டோ பெயரில் அங்கே தனி மையமும் நடத்தினார். இது அழகு நிலைய வேலை அல்ல என்பதற்கு அந்த உழைப்பே சான்று.

இருந்தும், இருபது வயதில் இரண்டாம் திருத்தத்துக்கு வரும் பிள்ளையின் பில்லில் ‘அழகு அறுவை’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லால் ஜிஎஸ்டி வரி ஏறுகிறது. பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம் ஆகியவற்றால் பாதித்த உறுப்பை மீட்கும் அறுவைக்கு அந்த வரி கிடையாது என்று விதியே சொல்கிறது. காப்பீட்டு நிறுவனமும் அதே சொல்லைக் காட்டிக் கைவிரிக்கிறது. பிளவின் பின்விளைவாக எந்த வயதில் செய்யும் திருத்தமும் மறுசீரமைப்பு அறுவையே. பில்லிலும் மருத்துவச் சான்றிலும் அப்படியே எழுத வேண்டும். 2013-ஆம் ஆண்டிலிருந்து, 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதித்துவரும் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் உதட்டுப் பிளவும் சேர்ந்திருக்கிறது. முதல் தையலோடு கணக்கை மூடாமல், பேச்சுப் பயிற்சி, பல் சீரமைப்பு, இரண்டாம் திருத்தம் வரை அதே குழந்தையை ஒரே கோப்பில் பின்தொடர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

18 வயதுக்குக் கீழானவருக்கு வெறும் அழகுக்காக ஃபில்லரோ போட்டாக்ஸோ போடக்கூடாது, பெற்றோர் சம்மதித்தாலும். இங்கிலாந்து 2021 அக்டோபர் 1 முதல் அதைக் குற்றமாக்கிவிட்டது. அதே தெளிவோடு இங்கும் சட்டம் வேண்டும்.

உதட்டில் ஊசி போடும் ஒவ்வொரு இடமும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவுபெற வேண்டும். போடுபவரின் பெயரும் பதிவு எண்ணும் வாசலில் தெரிய வேண்டும். பயன்படுத்திய குப்பியின் லேபிளை நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே எங்கோ போட்டுக்கொண்டு உதடு வெளுத்தோ வலித்தோ வருபவரை எந்த மருத்துவமனையும் ‘ஏன் போனாய்’ என்று கடிந்து காக்கவைக்கக்கூடாது. எங்கே போட்டீர்கள் என்று சொல்ல அவர் தயங்கினால் விட்டுவிடலாம். என்ன மருந்து, எத்தனை மணிக்குப் போட்டது என்பது தெரிந்தால் உடனே சிகிச்சையைத் தொடங்கலாம்.