கலப்பற்ற இருதயம்

கிளிநொச்சிக் கந்தசாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 முதல், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமர்ந்த தாய்மாரைக் குறித்து, கோபம் குடிகொண்ட இருதயம் சுத்தமான இருதயமாகாது, மன்னித்து மறப்பதே கிறிஸ்தவ தர்மம் என்று சில நண்பர்கள் உபதேசிப்பதை நான் அடியோடு மறுக்கிறேன். இருதய சுத்தியுள்ளோரைப் பாக்கியவான்கள் என்ற அதே மலைப்பிரசங்கம், துயரப்படுகிறவர்களையும் நீதிக்காகப் பசித்திருப்போரையும் அவர்களுக்கு முன்னதாகவே பாக்கியவான்கள் என்கிறதே. ஜெபாலயத்தில் சூம்பின கையையுடையவனைக் குணமாக்குமுன், சுற்றி நின்றோரின் இருதய கடினத்தை இயேசுவே கோபத்தோடு நோக்கினார் என்று மாற்கு எழுதவில்லையா?

மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் சுத்தம் என்பதற்கு நிற்கும் ‘கதரோஸ்’ என்ற சொல் கலப்பற்றது என்றும் பொருள்படும். எங்கள் வன்னிக் களத்திலே, காற்றுப் பார்த்துச் சுளகை உயர்த்தி ஒருத்தி நெல்லைத் தூற்றும்போது, பதர் அப்பால் பறக்க, மணியோ தன் பாரம் குறையாமலே காலடியில் வந்து குவிகிறது. பொலித்தீன் உறையிட்ட மகனின் படத்தில் படிந்த ஏ-9 வீதிப் புழுதியைச் சேலைத் தலைப்பால் துடைக்கிறாளே ஒரு தாய், அவள் நெஞ்சில் இருப்பதும் அந்தப் பாரமே, துவேஷமன்று.

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், 2009 மே 18இல் வட்டுவாகலில் போரின் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தோரை விட்டுப் பிரியாது அவர்களோடே பேருந்தில் ஏறினார் எனக் கண்டவர்கள் சாட்சி கூறியிருக்கின்றனர். அவருக்கு நேர்ந்ததைச் சொல்ல ஒருவரும் முன்வராதபோது, எதனை, யாருக்கு மன்னிக்கும்படி அந்தத் தாய்மாரைக் கேட்கிறார்கள் இந்த நண்பர்கள்?