அழிக்கப்பட்ட ஆறு

எமில் பெத்தித்தோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் வரைந்த வடமேற்குக் கனடா வரைபடத்தைப் பாரிஸ் புவியியல் கழகம் 1875-இல் வெளியிட்டது. தாம் நடந்து பார்த்ததோடு, பழங்குடி வேட்டைக்காரர்கள் சொன்னதையும் கேட்டு வரைந்தவர் அவர். மரமே இல்லாத துந்திரா நிலத்தில் லா ரொன்சியேர் என்றோர் ஆற்றையும் காட்டியிருந்தார்.

பின்னால் போனவர்கள், அவர் குறித்த இடத்தில் முகத்துவாரம் இல்லாததால் ஆறே இல்லை என்றார்கள். வரைபடத்திலிருந்து அதை அழித்தும் விட்டார்கள். பிற்பாடு விமானத்திலிருந்து எடுத்த படங்களில் ஆறு தெரிந்தது. கடலில் சேரும் இடம்தான் வேறு. இன்று அதன் பெயர் ஹார்னடே.

குமாஸ்தாவாகக் கோப்புகளோடு காலம் கழித்தவன் சொல்கிறேன், அன்பர்களே: இடம் தவறென்றால் இடத்தைத் திருத்த வேண்டும், ஆற்றை அடிக்கக் கூடாது. அந்த மண்ணில் வாழ்கிறவன் சொன்னதில் சந்தேகமா? ஓரத்தில் 'சரிபார்க்கவும்' என்று எழுதுங்கள், போதும்.