மூலப் படம் மறையலாமா?

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த நம் தமிழறிஞர்கள் ஒரு நல்ல நெறியைப் போற்றினார்கள். பல பிரதிகளை ஒப்புநோக்கி, தமக்குச் சரியெனப்பட்ட பாடத்தை மேலே அச்சிட்டார்கள். ஏற்காத பாடத்தை எறிந்துவிடாமல் அடிக்குறிப்பில் தந்தார்கள். உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளைப் புரட்டிய மாணவர் எவரும் இதனை அறிவர். நூலுக்குக் காட்டிய இந்த நேர்மையைத் திரைப்படத்துக்கும் காட்ட வேண்டாமா?

அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வார்ஸ்' 1977-இல் வெளிவந்தது. 1988-இல் அவர் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி, கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பிற்காலத்தில் வண்ணம் பூசுவது போன்ற மாற்றங்களைக் கண்டித்தார். அவரே 1997-இல் தம் படத்தில் கணிப்பொறி உருவங்களைப் புகுத்தி, காட்சிகளையும் மாற்றினார்! மூலப் படத்தில், மதுக்கூடத்தில் தன்னை மடக்கிய கிரீடோவை ஹான் சோலோ முந்திக்கொண்டு சுடுவான். புதிய வடிவில் கிரீடோதான் முதலில் சுடுகிறான். தன்னலமே பெரிதென்றிருந்தவன் பிறகு நண்பர்களுக்காகத் திரும்பி வருகிறான் என்பதல்லவா அந்தப் பாத்திரத்தின் வளர்ச்சி? இந்த ஒரு மாற்றம் அதன் தொடக்கத்தையே மழுங்கச் செய்துவிட்டது.

"படைத்தவனுக்குத் திருத்த உரிமை இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. எழுத்தாளரும் இரண்டாம் பதிப்பில் திருத்துகிறார். ஆனால் முதற்பதிப்பு நூலகத்தில் இருக்கிறது. வேண்டியவர் எடுத்துப் படிக்கலாம். படத்தின் மூலச்சுருளோ உரிமையாளரின் பெட்டகத்தில் இருக்கிறது. அவர் மனம் வைத்தாலன்றி அது வெளிவராது. மேலும் திரைப்படம் ஒருவர் கைப்பொருளன்று. 'ஸ்டார் வார்ஸ்' படத்தொகுப்புக்கும் தந்திரக் காட்சிகளுக்கும் ஆஸ்கார் பரிசு பெற்றது. அந்த உழைப்பு பலருடையது.

இந்நிலையில் ரசிகர்களே களத்தில் இறங்கினர். அவர்களில் இரு வகையினர் உண்டு. ஒரு சாரார், 1999-இல் வந்த 'பேண்டம் மெனஸ்' படத்தில் தமக்குப் பிடிக்காத பகுதிகளை வெட்டி, 2000-இல் 'பேண்டம் எடிட்' என்று உலவவிட்டனர். இது கத்தரிக்கோலால் எழுதிய விமர்சனம். மற்றொரு சாரார், திரையரங்குகளில் ஓடிய பழைய 35 மி.மீ. சுருள்களைத் தேடிப் பிடித்து, 1977-ஆம் ஆண்டு வடிவத்தை மீட்க முயன்றனர். இரண்டும் உரிமைச் சட்டத்தை உரசுபவையே. எனினும் முன்னது இன்னொரு பாடத்தைச் சேர்க்கிறது. பின்னது இழந்த பாடத்தைத் தேடுகிறது. இரண்டுமே மூலத்தை ஒளித்து வைக்கவில்லை.

கடல் கடந்த கதைதானே என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது. 2013-இல் வந்த 'ராஞ்சனா' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம் 'அம்பிகாபதி'. 2025 ஆகஸ்டில் அது மீண்டும் திரைக்கு வந்தபோது, இறுதியில் உயிர் துறக்கும் நாயகன் செயற்கை நுண்ணறிவின் துணையால் பிழைத்து எழுந்தான்! இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நாயகன் தனுஷும் எதிர்த்தும் பயனில்லை. இங்கே மாற்றியவர் படைத்தவருமல்லர், ரசிகருமல்லர். உரிமையை வைத்திருந்த நிறுவனத்தார். சோக முடிவு வேண்டாமென்று நாளை எந்தப் படத்தையும் இப்படித் திருத்தலாமே! அப்போது எது மூலம், எது இடைச்செருகல் என்று பிற்காலத்தவர் எப்படி அறிவர்?

தமிழின் முதற் பேசும்படமாகப் போற்றப்படும் 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பேணாமல் இழந்தது போதும். கையிலிருப்பதையும் திருத்தி இழக்க வேண்டுமா?

வேண்டுவது இரண்டே. மாற்றிய படம், மாற்றிய ஆண்டையும் மாற்றியவர் பெயரையும் தொடக்கத்திலேயே சொல்லட்டும். முதலில் வெளிவந்த வடிவம் ஒரு பொதுக் காப்பகத்தில், கேட்பவர் காணும்படி இருக்கட்டும். அதன்பின் யார் வேண்டுமானாலும் வெட்டட்டும், ஒட்டட்டும். எது சிறந்ததென்று பார்ப்பவர் தீர்மானித்துக் கொள்வர்.